குடிய விடணும்னு முதல் தடவ ஏஏ மீட்டிங் போறீங்களா? மதுரப் பக்கத்து ஆளுகளுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையிலயோ, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமோ இருந்துக்கிட்டு, குடிய விட்டுறணும்னு நெனச்சு, யாரோ "ஏஏ மீட்டிங்னு ஒண்ணு நடக்குதாம்ல, போய்த்தான் பாரேன்"னு சொல்லக் கேட்டு, ஆனா அங்க என்ன நடக்கும், யாரு யாரு இருப்பாங்க, காசு கேப்பாங்களா, மதம் மாத்திருவாங்களான்னு யோசிச்சு யோசிச்சே தள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கீங்கன்னா, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். ஏஏன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட்டவங்களும் விடணும்னு நெனைக்கறவங்களும் ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருக்கற கூட்டம். நானும் குடிநோயாளிதான். பேரு வேணாம், அது எங்க வழக்கம், ஏன்னு பின்னாடி சொல்றேன். புதுசா வர்றவங்கள்ல யாரு நிக்கிறாங்க, யாரு ரெண்டாவது வாரமே காணாமப் போறாங்கன்னு பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கறதால எனக்கு உறுதியாத் தெரியற விஷயம் ஒண்ணு இருக்கு. மீட்டிங்ல வந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போறதுல கெடைக்கறது கொஞ்சம்தான். அங்க இருக்கற ஆளுகளோட பழகி, நம்பர் வாங்கி, குடிக்கறதுக்கு முன்னாடி அவங்களக் கூப்பிடுறீங்க பாருங்க, அதுலதான் மிச்சம் எல்லாமே இருக்கு.

முதல்ல ஒடம்பு, அப்பறம் மீட்டிங்

இத முதல்ல சொல்லாம வேற எதுவும் சொல்லக்கூடாது. காலைல எந்திரிச்ச உடனே கை நடுங்குது, ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் நடுக்கம் நிக்கிதுங்கற நெலமையில இருக்கறவங்க, வருசக்கணக்கா தெனம் குடிக்கறவங்க, "நாளையிலேருந்து தொடவே மாட்டேன்"னு வீட்டுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு ஒத்தையில நிறுத்தக்கூடாது. உசுருக்கே ஆபத்து. கடைசியாக் குடிச்ச 6 மணி நேரத்துலேருந்து 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாளு கழிச்சு காச்சல், வேர்வை, படபடப்பு, செவுத்துல பூச்சி ஊர்றது மாதிரி தெரியறது, இல்லாத ஆளுகிட்ட பேசுறது, இதெல்லாம் வரலாம். பேய் புடிச்சிருச்சு, யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போற வீடுக இன்னும் இருக்கு. அது மூளை குடி இல்லாமத் திணர்றது. அந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், 108 கூப்பிடுங்க.

நம்மூருல பெரியாஸ்பத்திரியில, அதான் கோரிப்பாளையத்துகிட்ட இருக்கற ராஜாஜி ஆஸ்பத்திரியில, மனநலப் பிரிவு இருக்கு, அங்க போய்ச் சொல்லலாம். எங்க போனாலும் டாக்டர்ட்ட எம்புட்டு குடிக்கிறீங்கன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. ரெண்டு குவாட்டர் அடிச்சுட்டு "எப்பயாச்சும் விசேசத்துக்கு மட்டும் டாக்டர்"னு சொன்னா அவரு குடுக்கற மாத்திரை உங்களுக்குப் பத்தாது. இன்னொண்ணு, ரொம்ப நாளாக் குடிச்சு சரியாச் சாப்பிடாத ஒடம்புல பி1 வைட்டமின், தயமின்னு சொல்லுவாங்க, அது வத்திப் போயிருக்கும். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பாயிரும்"னு தெருமுனை கிளினிக்ல போய்ப் படுக்கறதுக்கு முன்னாடி குடிக்கற விஷயத்தச் சொல்லியே ஆகணும், ஏன்னா தயமின் போடாம வெறும் குளுக்கோஸ் ஏத்துனா மூளைக்குப் பாதிப்பு வர வாய்ப்பு இருக்கு.

வீட்டுல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுத்தா குடிய மறந்துருவாரு"ன்னு விளம்பரம் வருதுல்ல, அதத் தொடவே தொடாதீங்க. குடிய நிறுத்தக் குடுக்கற டைசல்ஃபிராம் மாதிரி மாத்திரை உள்ள இருக்கறப்ப மேல சரக்கு போனா வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, பிரஷர் எறங்கறதுன்னு ஆரம்பிச்சு உசுரே போகலாம். குடிக்கறவருக்குத் தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் பாத்து எழுதிக் குடுத்தா அது மருந்து. தெரியாமக் கலந்தா அது வெஷம்.

மாலை போட்டா முடியுது, கழட்டுனா ஏன் முடியல

நம்ம பக்கம் குடிய நிறுத்தத் தெரியாத ஆளே கெடையாது. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னாடி சத்தியம் பண்ணிருப்போம், கோயில்ல கயிறு கட்டிருப்போம், புள்ள தலையில அடிச்சு சொல்லிருப்போம். கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டா ஒரு மண்டலம் சொட்டுத் தொடாம இருக்கோம்ல, பல பேரு மலைக்குப் போயிட்டு வந்து மாலைய கழட்டுன அன்னைக்கு சாயங்காலமே கடை வாசல்ல நிக்கிறாங்களே, அது ஏன்? சாமி மேல பயம் போயிருச்சுன்னு சொல்லுவாங்க, எனக்கு அப்படித் தோணல. மாலை போட்டிருக்கறப்ப காலைல நாலரைக்கு எழுப்பிவிட ஆளு இருக்கு, சாயங்காலம் பஜனைக்குப் போக எடம் இருக்கு, குருசாமின்னு ஒருத்தரு இருக்காரு கேக்க, தெருவுல பாக்கறவன் எல்லாம் "சாமி"ன்னு மரியாதையாக் கூப்பிடுறான், கூடக் குடிச்ச மாப்ளயே "சாமி மாலை போட்டிருக்காப்ல, அவர கூப்பிடாத"ன்னு வெலகிப் போறான். கழட்டுன அன்னைக்கு இது அம்புட்டும் ஒரே நாள்ல போயிருது. பழைய சாயங்காலமும் பழைய கூட்டாளியும்தான் மிச்சம்.

ஏஏ மீட்டிங் அந்தக் கூட்டத்த நாள் கணக்கு இல்லாமத் தர்றது, அம்புட்டுதான். போக எடம், கேக்க ஆளு, அதே நோய் உள்ள சனம். இத நான் மட்டும் சொல்லல, 2020ல காக்ரேன்னு ஆய்வுகளத் தொகுத்துப் பாக்கற அமைப்பு 27 ஆய்வுகள, பத்தாயிரத்துக்கு மேல பேர வச்சு நடந்தத, ஒண்ணாச் சேத்துப் பாத்துச்சு. ஏஏவும் ஏஏவுக்குள்ள ஆளக் கொண்டுபோய்ச் சேக்கற சிகிச்சையும், தொடர்ந்து குடிக்காம இருக்க வைக்கறதுல மத்த பேச்சு சிகிச்சைகளுக்குச் சமமா, பல நேரம் அதுக்கு மேலயே வேலை செய்யுதுன்னு சொல்லிருக்கு. அதுக்காக எல்லாருக்கும் சரியாயிரும்னு நான் சொல்ல மாட்டேன். போய்ப் பாக்கற அளவுக்கு நம்பிக்கை வைக்கலாம்.

எடத்தக் கண்டுபுடிக்கறது

14446ன்னு ஒரு நம்பர் இருக்கு, மத்திய அரசோட போதை மீட்பு ஹெல்ப்லைன், காசு ஆகாது. மனசு ரொம்பக் கலங்கிப் போயி செத்துரலாம்னு தோணுச்சுன்னா 14416, டெலிமானஸ், தமிழ்ல பேசலாம். மீட்டிங் எங்க நடக்குதுன்னு ஏஏ இந்தியாவோட வெப்சைட்டுல ஊருவாரியாப் பாக்கலாம். பெரும்பாலும் சர்ச்சு ஹாலு, ஸ்கூல் கிளாஸ் ரூமு, ஆஸ்பத்திரில ஒரு அறைன்னு வாடகை கம்மியான எடத்துலதான் நடக்கும், அதப் பாத்துட்டு மதம் மாத்துற கூட்டம்னு நெனச்சுராதீங்க, அவங்க எடம் குடுக்கறாங்க, அம்புட்டுதான். கெளம்பறதுக்கு முன்னாடி அங்க இருக்கற தொடர்பு நம்பருக்கு ஒரு போன் போட்டு "இன்னைக்கு மீட்டிங் இருக்காண்ணே, எத்தன மணிக்கு"ன்னு கேட்டுக்கங்க, ஏன்னா எடமும் நேரமும் மாறும், தேடிப் போயி பூட்டுன கதவப் பாத்தா நம்ம மனசு உடனே "சரி, விதி"ன்னு கடைப் பக்கம் திரும்பிரும்.

ஓப்பன் மீட்டிங், குளோஸ்டு மீட்டிங்னு ரெண்டு உண்டு. ஓப்பன்னா யாரு வேணா வரலாம், வீட்டம்மா, அண்ணன் தம்பி, டாக்டர் யாரும். குளோஸ்டுன்னா குடிய நிறுத்த ஆசப்படுறவங்க மட்டும். முதல் தடவ தனியாப் போக ஒரு மாதிரியா இருந்தா ஓப்பன் மீட்டிங்குக்கு வீட்டுல ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க.

மதுர என்னதான் பெரிய ஊர்னாலும் நாலு தெரு தாண்டுனா சொந்தக்காரன் நிப்பான், அது எனக்கும் தெரியும். செல்லூர்ல இருக்கறவரு செல்லூர் பக்கம் போக யோசிச்சா அண்ணா நகர் பக்கமோ திருநகர் பக்கமோ நடக்கற குரூப்புக்குப் போகட்டும். ஒண்ணும் தப்பில்ல. தெரிஞ்ச மூஞ்சி உள்ள இருந்தாத்தான் என்ன, அவரும் அதே காரணத்துக்குத்தான உக்காந்திருக்காரு.

உள்ள என்ன நடக்கும்

ஒரு மணி நேரம், இல்லன்னா ஒன்றரை மணி நேரம். டீ இருக்கும். ஆரம்பத்துல ஒரு முன்னுரை வாசிப்பாங்க, மன அமைதிப் பிரார்த்தனை சொல்லுவாங்க, அப்பறம் ஒவ்வொருத்தராப் பேசுவாங்க. "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி"ன்னு ஆரம்பிப்பாங்க, மத்தவங்க வணக்கம் சொல்லுவாங்க. எப்படிக் குடிச்சேன், என்ன ஆச்சு, இப்ப எப்படி இருக்கேன், இத மூணத்தான் சுத்திச் சுத்திப் பேசுவாங்க. ஒருத்தர் பேசறப்ப நடுவுல பூந்து புத்தி சொல்லக்கூடாது, வாதம் பண்ணக்கூடாது. உங்க முறை வந்தா பேசியே ஆகணும்னு இல்ல, "இன்னைக்கு கேக்கத்தான் வந்தேன்"னு சொல்லிட்டு உக்காந்துக்கலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

ரிஜிஸ்டர் கெடையாது. ஆதார் கேக்க மாட்டாங்க. பீஸ் கெடையாது. ஒரு பை சுத்தி வரும், முடிஞ்சவங்க பத்து இருவது போடுவாங்க, அது வாடகைக்கும் டீக்கும். வெளிய இருந்து நன்கொடை வாங்கறது இல்லங்கறது அவங்க வச்சிருக்கற 12 மரபுல ஏழாவது. புதுசா வந்தவங்க போட வேணாம், வெறும் கையோட பைய அடுத்தவருக்குத் தள்ளி விடுங்க. சேர ஒரே ஒரு தகுதிதான், குடிய நிறுத்தணுங்கற ஆசை. நிறுத்தியிருக்கணும்னு கூட இல்ல, ஆசை இருந்தாப் போதும். அதனால குடிச்சுட்டு வந்தாலும் தொரத்த மாட்டாங்க, பேசாம உக்காந்து கேக்கச் சொல்லுவாங்க. ஆனா அந்த நெலமையில பைக்க எடுத்துட்டு வராதீங்க, பஸ்ஸு ஆட்டோன்னு வாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். நம்ம பக்கம் ஒரு ஆளப் பாத்தா எந்த ஊருன்னு கேப்போம், அடுத்த கேள்வி சுத்தி வளச்சு எந்த ஆளுகன்னு தெரிஞ்சுக்கத்தான். இங்க அந்தக் கேள்வி கெடையாது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவரும் கோர்ட்டுல வாதாடுறவரும் பக்கத்துப் பக்கத்து சேர்ல உக்காந்து ஒரே டீ கேன்லேருந்து குடிக்கறாங்க. வெளிய போயி "அந்த வக்கீல அங்க பாத்தேன்"னு யாரும் சொல்லக்கூடாது, பத்திரிகை டிவி மாதிரி எடத்துல ஏஏ ஆளுன்னு பேரும் போட்டோவும் போட்டுக்கக்கூடாதுங்கறதும் மரபுதான். அதான் நானும் பேரு போடல.

கேக்கறப்ப ஒண்ணு கவனமா இருங்க. புதுசா வர்ற எல்லாருக்கும் ஓடுற நெனப்பு, "இவரு வீட்டையே வித்துட்டாரு, நான் அம்புட்டு மோசம் இல்ல, எனக்கு வேலை இருக்கு, பொண்டாட்டி கூடத்தான் இருக்கா". அவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்னு தேடுனா ஆயிரம் கெடைக்கும், அந்த ஆயிரமும் உங்கள வாசலுக்கு வெளிய கொண்டுபோய் விட்டுரும். ஒத்துப்போறது எதுன்னு தேடுங்க. ஒளிச்சு வச்சுக் குடிச்சது, "ஒண்ணே ஒண்ணு"ன்னு போயி கடை சாத்துற வரைக்கும் உக்காந்தது, காலைல நேத்து என்ன பேசுனோம்னு ஞாபகம் இல்லாம வீட்டம்மா மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது. அது உங்களுக்கும் நடந்திருந்தா நீங்க சரியான எடத்துலதான் இருக்கீங்க.

ஒரே ஒரு மீட்டிங்க பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. ஒரு குரூப்புல வயசானவங்க ஜாஸ்தி இருப்பாங்க, ஒண்ணுல ஒரே அழுகையா இருக்கும், ஒண்ணுல சிரிச்சுக்கிட்டே பேசுவாங்க. ஆறு மீட்டிங்காவது, வேற வேற எடத்துல, பாத்துட்டு அப்பறம் எனக்கு ஆகாதுன்னு சொல்லுங்க.

சாயங்காலம் ஆறு மணிலேருந்து பத்து மணி வரைக்கும்

டாஸ்மாக் கடை மத்தியானம் 12க்கு தொறந்து ராத்திரி 10க்கு சாத்துறாங்க. பகல்ல வேலையில ஓடிரும், பல பேருக்கு சோதனை இந்த சாயங்காலம்தான். முதல் மூணு மாசம் இந்த நேரத்த எப்படிக் கடத்துறோங்கறதுதான் முழு வேலையே. 90 நாள்ல 90 மீட்டிங்னு பழைய ஆளுக சொல்லுவாங்க. ஒரே குரூப்புல தெனம் நடக்காது, அதனால கிழமைக்கு ஒரு எடமா எழுதி வச்சுக்கங்க, நடுவுல விடுபடுற நாளுக்கு ஜூம்ல தமிழ் மீட்டிங் நடக்குது, லிங்க குரூப்புல கேட்டு வாங்கிக்கங்க. உசிலம்பட்டி, மேலூர் தாண்டி கிராமத்துல இருக்கறவங்களுக்கு மீட்டிங் முடிஞ்சு ஊருக்குப் போற கடைசி பஸ்ஸு பெரிய பிரச்சன, அவங்க வாரத்துல ரெண்டு நாள் நேர்லயும் மிச்சம் போன்லயும் வச்சுக்கிட்டா நடைமுறைக்கு ஒத்துவரும்.

வழிய மாத்துங்க. தெனம் போற ரோட்டுல கடை இருந்தா சுத்திப் போங்க, அஞ்சு நிமிசம் கூட ஆனா ஆகட்டும். வாரக்கூலி வாங்கற கொத்தனாரு, பெயிண்டருக்கு சனிக்கெழம சாயங்காலம்தான் கண்டம். கூலி வாங்கறப்ப வீட்டுல ஒருத்தர வரச் சொல்லி அங்கயே குடுத்துருங்க, ஜிபேல வாங்கறவங்க வந்த உடனே வீட்டுக்கு அனுப்பிருங்க. ரோசமா இருக்கும், தெரியும், கொஞ்ச மாசத்துக்குத்தான்.

நாக்கு தேடுறப்ப இனிப்பு உதவும், இதுவும் பழைய ஆளுக சொல்றதுதான். சாயங்காலம் ஒரு ஜிகர்தண்டா, ரெண்டு கடலமிட்டாய், ஒரு டம்ளர் பால்னு எதையாச்சும் வயித்துல போடுங்க. சுகர் இருக்கறவங்க மட்டும் டாக்டர்ட்ட கேட்டுக்கங்க. பசி, கோவம், தனிமை, அசதி, இந்த நாலுல எது இருந்தாலும் குடி ஆசை ரெண்டு மடங்காத் தெரியும். ஆசை வந்த உடனே "நான் சாப்பிட்டேனா, யார் மேலயாச்சும் கடுப்புல இருக்கேனா, ஒத்தையில இருக்கேனா, தூங்குனேனா"ன்னு பைய கேட்டுப் பாருங்க, பாதி நேரம் விடை அங்கயே இருக்கும்.

போன்

இதுக்குத்தான் இம்புட்டு நேரம் வந்தேன். மீட்டிங் முடிஞ்ச உடனே செருப்ப மாட்டிக்கிட்டு ஓடாதீங்க. வாசல்ல நின்னு பேசறாங்கல்ல, அங்க பத்து நிமிசம் நில்லுங்க. அஞ்சு பேரு நம்பர வாங்குங்க. ஒருத்தரு மட்டும் போதாது, அவரு வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாரு, எடுக்க முடியாது, நீங்க "பாத்தியா, ஒருத்தனும் இல்ல நமக்கு"ன்னு முடிவு கட்டிருவீங்க.

நம்பர் வாங்கறது சுலபம், கூப்பிடுறதுதான் மலை மாதிரி இருக்கும். ஆம்பளைங்க நமக்கு அது பழக்கமே இல்ல, இன்னொரு ஆம்பளைக்குப் போனப் போட்டு "எனக்கு முடியல"ன்னு சொல்றது. அதனால நல்லா இருக்கறப்பவே கூப்பிட்டுப் பழகுங்க. தெனம் ஒருத்தருக்கு, ரெண்டே நிமிசம், "சாப்டீங்களாண்ணே, நான் இன்னைக்குக் குடிக்கல"ன்னு சொல்லிட்டு வச்சுருங்க. அப்படிப் பழகியிருந்தா அவசரத்துல வெரல் தானாப் போகும். என்ன பேசறதுன்னு தெரியலன்னு சொல்றவங்களுக்கு, இப்படித்தான் இருக்கும் பேச்சு:

"அண்ணே, புதன்கெழம மீட்டிங்ல பாத்தோம்ல, புதுசா வந்தவன் பேசறேன்."

"சொல்லுங்க தம்பி, எங்க இருக்கீங்க?"

"ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேண்ணே. காலு அங்கிட்டே இழுக்குது."

"இன்னும் குடிக்கலல்ல?"

"இல்லண்ணே."

"அப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. சாப்டீங்களா?"

"மத்தியானமே சாப்பிடல."

"முதல்ல எதுத்தாப்ல இருக்கற ஓட்டல்ல போய் உக்காருங்க. போன வைக்காதீங்க, நீங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

அம்புட்டுதான். தத்துவம் எதுவும் கெடையாது. குடி ஆசைங்கறது அலையா ஏறி எறங்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள அடங்கிரும். அந்த அரை மணி நேரம் கூட ஒருத்தரு இருந்தாப் போதும். முதல் கிளாஸுக்கு முன்னாடி கூப்பிடணும். குடிச்சுட்டுக் கூப்பிட்டா அந்த நேரத்துல பேசறது நீங்க இல்ல, சரக்கு.

ஏஏ உண்டானதே இப்படி ஒரு போன் கால்லதான். 1935 மே மாசம், அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊரு. பில் வில்சன்னு ஒரு பங்குச்சந்தை ஆளு, குடிய விட்டுச் சில மாசம்தான் ஆச்சு, வியாபார வேலையா வந்த எடத்துல அது படுத்துருச்சு, ஓட்டல் லாபியில தனியா நிக்கிறாரு, ஒரு பக்கம் பாரு, சத்தம் கேக்குது. இன்னொரு பக்கம் போன். அவரு போனப் பாத்துப் போயி ஊர்ல இருக்கற சர்ச்சுகளக் கூப்பிட்டு, தன்ன மாதிரி கஷ்டப்படுற குடிகாரரு ஒருத்தர்கிட்ட பேசணும்னு கேட்டாரு. அப்படிக் கெடைச்சவருதான் டாக்டர் பாப். அந்த டாக்டரு கடைசியாக் குடிச்ச ஜூன் 10ஆம் தேதியத்தான் ஏஏவோட பிறந்தநாளா இன்னைக்கும் வச்சிருக்காங்க. புத்தி சொல்றதுக்காக பில் கூப்பிடல, தான் குடிக்காம இருக்கணும்னு கூப்பிட்டாரு. அதனால நீங்க ராத்திரி ஒம்பதரைக்குக் கூப்பிட்டா தொந்தரவுன்னு நெனைக்காதீங்க, எடுக்கறவருக்கும் அதுல லாபம் இருக்கு, அன்னைக்கு அவரும் குடிக்காம இருக்க அது உதவுது.

ஸ்பான்சர், 12 படி

சில வாரம் போனதும் ஒருத்தரு பேச்சு உங்களுக்குள்ள எறங்கும். அவருகிட்ட "அண்ணே, எனக்கு ஸ்பான்சரா, அதான் கூட இருந்து வழி காட்டுற ஆளா, இருப்பீங்களா"ன்னு கேளுங்க. குடிய விட்டு நல்லா நாளாயிருக்கணும், குடி இல்லாம வாழ ஒண்ணொண்ணாச் செய்யணும்னு ஏஏ சொல்ற 12 படியும் அவரே செஞ்சிருக்கணும், ஆம்பளைக்கு ஆம்பள, பொம்பளைக்குப் பொம்பளையா இருக்கறது நல்லது. சொந்தக்காரர வேணாம். அவரு முடியாதுன்னா கோவப்படாதீங்க, வேற ஆளக் கேளுங்க. ஸ்பான்சருன்னா அவரு டாக்டரும் இல்ல, பஞ்சாயத்து பண்றவரும் இல்ல, கடன் குடுக்கறவரும் இல்ல. பணம் விஷயம் உள்ள வந்தா உறவு கெட்டுரும், கேக்கவும் வேணாம், குடுக்கவும் வேணாம்.

படிகள அவசரமா ஏறாதீங்க. முதல் படி, குடிகிட்ட எனக்கு சக்தி இல்ல, என் வாழ்க்கை என் கையில இல்லன்னு ஒத்துக்கறது. ரெண்டு மூணுல ஒரு மேலான சக்தியப் பத்தி வரும். இங்கதான் கறுப்புச் சட்டைக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க, போக வேணாம்னு கேட்டுக்கறேன். அந்தப் படியிலயே அவங்கவங்க புரிஞ்சுக்கிட்ட மாதிரி கடவுள்னுதான் இருக்கு, பல பேரு அந்தக் குரூப்பத்தான் தன்ன விடப் பெரிய சக்தியா வச்சுக்கறாங்க. மீனாட்சியக் கும்புடுறவரு, அல்லாவ நெனைக்கறவரு, எதையும் நம்பாதவரு எல்லாரும் ஒரே ரூம்ல இருக்காங்க.

நாலாவது படியில தன்னப் பத்தி ஒரு நோட்டு போட்டு எழுதணும், அஞ்சாவதுல அத இன்னொருத்தர்கிட்ட சொல்லணும். எட்டு ஒம்பதுல, யாருக்கெல்லாம் கெடுதல் பண்ணோமோ அவங்களுக்கு ஈடு செய்யறது. இங்க நம்மாளுக பண்ற அவசரத்தப் பத்திச் சொல்லணும். குடிய விட்ட ரெண்டாவது வாரமே கந்துவட்டிக்காரரு எல்லார்கிட்டயும் போயி "அடுத்த மாசம் முழுசாத் தந்துர்றேன்"னு வாக்குக் குடுக்கறது, முடியாம மாட்டி, அந்த அழுத்தத்துலயே திரும்பக் குடிக்கறது. அதுக்குத்தான் அந்தப் படி ஒம்பதாவதா இருக்கு. ஸ்பான்சரோட உக்காந்து பட்டியல் போட்டு, முடிஞ்சத மட்டும் சொல்லி, சின்னதா ஆரம்பிங்க. அடுத்தவங்களுக்குக் கெடுதல் வர்ற மாதிரி இருந்தா அந்த ஈட்ட செய்யக்கூடாதுன்னு அந்தப் படியே சொல்லுது. வீட்டம்மாகிட்ட "இனிமே குடிக்க மாட்டேன்"னு திரும்பச் சொல்ல வேணாம், அவங்க அத எத்தனையோ தடவ கேட்டுட்டாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுல இருங்க, பேசறது அப்பறம்.

காதுகுத்து, கெடா வெட்டு, எழவு வீடு

நம்ம ஊருல குடிக்காத விசேசம்னு ஒண்ணத் தேடணும். பாண்டி கோயில் கெடா வெட்டு, காதுகுத்து, சித்திரத் திருவிழாவுக்கு வந்து எறங்கற சொந்தம், பொங்கலுக்கு அவனியாபுரம் பாலமேடு அலங்காநல்லூர்னு மூணு நாளு சல்லிக்கட்டு, தீபாவளி போனஸ், எழவு வீடு. முதல் வருசம் முடிஞ்ச வரைக்கும் போகாதீங்க. போயே ஆகணும்னா இப்படிப் போங்க. காலைலயே போயி முகத்தக் காட்டி, மொய் எழுதி, முதல் பந்தியிலயே சாப்பிட்டு, பாட்டில் வெளிய வர்றதுக்கு முன்னாடி கெளம்பிருங்க. அடுத்தவன் வண்டியில போகாதீங்க, அவன் கெளம்பற வரைக்கும் நீங்க அங்க மாட்டிக்குவீங்க. "ஒரு பெக்குதானப்பா"ன்னு மச்சான் கையப் புடிச்சா வெளக்கம் சொல்ல வேணாம், "மாத்திரை எடுத்துக்கிட்டு இருக்கேன் மச்சான், டாக்டர் கூடாதுன்னுட்டாரு"ன்னு ஒரே வரி. கையில சோடாவோ கலரோ எதையாச்சும் வச்சுக்கங்க, நீங்களே தொறந்த பாட்டிலா இருக்கட்டும். போறதுக்கு முன்னாடி ஒரு போன், வெளிய வந்ததும் ஒரு போன்.

தவறி விழுந்துட்டா

குடிச்சுட்டீங்களா, மறுநாளே மீட்டிங் வாங்க. வெக்கத்துல மூணு மாசம் வராம இருக்கறதுதான் ஆள முடிக்குது, அந்த ஒரு ராத்திரி இல்ல. கைதட்டி "திரும்ப வந்தீங்களே, சந்தோசம்"னுதான் சொல்லுவாங்க, நெசமாத்தான். நாள் கணக்கு முதல்லேருந்து ஆரம்பிக்கும், கத்துக்கிட்டது அழியாது. ஸ்பான்சரோட உக்காந்து அன்னைக்கு காலைலேருந்து என்ன நடந்துச்சு, எந்த எடத்துல போன எடுத்திருக்கலாம்னு பாருங்க. விழுந்தது நாலஞ்சு நாளு தொடர் குடியாப் போயிருந்தா மறுபடி டாக்டரப் பாத்துட்டுத்தான் நிறுத்தணும்.

மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஒண்ணு. டாக்டரு எழுதுன மனநல மாத்திரையோ குடி ஆசையக் கொறைக்கற மாத்திரையோ, குரூப்புல யாராச்சும் "அதெல்லாம் எதுக்கு, படிகளச் செஞ்சாப் போதும்"னு சொன்னா கேக்காதீங்க. மாத்திரை விஷயத்துல உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பாக்கக்கூடாதுங்கறதுதான் ஏஏவோட நெலப்பாடு. அதே மாதிரி குரூப்புல ஒருத்தரு பணம் கேட்டாலோ, கட்சிக்கோ மதத்துக்கோ ஆள் சேத்தாலோ, புதுசா வந்த பொம்பளைங்ககிட்ட தப்பா நடந்தாலோ மூத்த உறுப்பினர்கிட்ட சொல்லுங்க, சரியாகலன்னா குரூப்ப மாத்துங்க. ஏஏ யாரையும் அடைச்சு வைக்காது. அடைச்சு வச்சு அடிக்கற "மறுவாழ்வு மையம்" எதுவும் ஏஏ கெடையாது, அப்படிப்பட்ட மையத்துல சேக்கறதுக்கு முன்னாடி 2017 மனநலச் சட்டப்படி பதிவு பண்ணிருக்காங்களா, டாக்டர் இருக்காங்களான்னு வீட்டுல இருக்கறவங்க பாத்துக்கணும்.

குடிக்கற பொம்பளைங்களும் இருக்காங்க, ஒளிச்சு ஒளிச்சு, ஆம்பளைங்கள விட பல மடங்கு பயத்தோட. ஆம்பளைங்க நெறஞ்ச ரூமுக்குள்ள வர யோசனையா இருந்தா பெண்களுக்கு மட்டும் நடக்கற ஆன்லைன் மீட்டிங்க கேட்டு வாங்குங்க, வீடியோவ ஆஃப் பண்ணிட்டு கேக்கலாம்.

குடிக்கறவரோட பொண்டாட்டி, அம்மா, புள்ளைகளுக்கு அல்-அனான்னு தனிக் கூட்டம் இருக்கு, பில் வில்சனோட மனைவி லோயிஸ் 1951ல இன்னொரு அம்மாவோட சேந்து ஆரம்பிச்சது. வீட்டுக்காரரு வரமாட்டேன்னு சொன்னாலும் நீங்க மட்டும் போகலாம். பாட்டில ஒளிக்கறது, லீவு சொல்ல மேஸ்திரிக்குப் பொய்யாப் போன் பண்றது, கடன அடைக்கறது, இதயெல்லாம் எப்ப நிறுத்தறதுன்னு அங்க இருக்கற அக்காமாரு சொல்லுவாங்க.

நீங்களும் ஒரு வேலைய எடுத்துக்கங்க

பேச வெக்கப்படுறவங்களுக்கு நான் சொல்ற ஒரே வழி, பதினஞ்சு நிமிசம் முன்னாடி போயி சேர் போடுங்க, டீ ஊத்துங்க, முடிஞ்சதும் டம்ளர் கழுவுங்க. வேலை செய்யறப்ப பேச்சு தானா வந்துரும், நீங்க வரலன்னா "டீ போடுற தம்பி எங்கப்பா"ன்னு தேடுவாங்க, தேடுற எடத்துக்குப் போகாம இருக்க மனசு வராது.

கொஞ்ச மாசம் போனா வாசப் பக்கத்து சேர்ல ஒருத்தரு கைய மடிச்சுக்கிட்டு தரையப் பாத்து உக்காந்திருப்பாரு. மீட்டிங் முடிஞ்சதும் அவரு செருப்ப மாட்டறதுக்குள்ள போயி உங்க நம்பரக் குடுங்க, அவரு நம்பரையும் வாங்கிக்கங்க, ஏன்னா அவரு கூப்பிட மாட்டாரு, மறுநாள் நீங்கதான் கூப்பிடணும். யாராச்சும் வீட்டுக்கு வந்து பேசச் சொன்னா ஒத்தையில போகாதீங்க, இன்னொரு உறுப்பினரோட ரெண்டு பேராப் போங்க. பணம் குடுக்காதீங்க, பொண்டாட்டி புருசன் சண்டையில நாட்டாமை பண்ணாதீங்க. கை நடுக்கம், காச்சல், ஒளறல் இருந்தா பேச்ச நிறுத்திட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா உங்க கதைய மட்டும் சொல்லிட்டு, அடுத்த மீட்டிங் எங்க, எத்தன மணி, எந்த பஸ்ஸுன்னு ஒரு தாள்ல எழுதி வீட்டம்மா கையில குடுத்துட்டு வாங்க.